சென்னையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதுகாப்பான பாதை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

"இந்த ரோட்டில் மனுஷன் நடக்க முடியாது" என்று ஒரு பாதையை மொத்தமாகத் தள்ளிவிடுவது நம் வழக்கம். அதே பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டரில் உண்மையிலேயே உயிரோடு விளையாடும் இடம் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும்: ஒரு சந்திப்பு, ஒரு பஸ் ஸ்டாப், மேம்பாலம் வந்து இறங்கும் ஒரு வளைவு. மற்றதெல்லாம் எரிச்சல். எரிச்சலையும் ஆபத்தையும் பிரித்துவிட்டால், பாதையை முழுதாக மாற்றத் தேவையிருக்காது. அந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் மாற்றினால் போதும்.

உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். உதாரணமெல்லாம் சென்னையிலிருந்து. பார்க்கக் கிளம்பும்போது, நீங்கள் தினமும் போகிற நேரத்திலேயே போய்ப் பாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லா ரோடும் நல்ல ரோடுதான்.

அறிகுறி: மேப் காட்டும் வழி கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் போக பயமாக இருக்கிறது

காரணம் எளிது. மேப் செயலிகள் தூரத்தையும் நேரத்தையும் பார்க்கின்றன. உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும் லாரியைப் பார்ப்பதில்லை. நடைக்கும் சைக்கிளுக்கும் பெரிய ரோட்டையே நீட்டிவிடும்.

பெரிய ரோட்டுக்கு இணையாகப் போகும் உள்தெருக்களைத் தேடுங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. அண்ணா நகரில் இது அப்படியே பலிக்கும். கட்டம் போட்டு அமைத்த ஊர். அவென்யூவை விட்டு ஒரு தெரு உள்ளே போனாலே சத்தம் பாதியாகிவிடும். திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறவர் எல்.பி. ரோட்டை விட்டுவிட்டுக் கலாக்ஷேத்ரா ரோடு வழியாகப் போகலாம். ஆனால் ஊரின் பல பகுதிகளில் உள்தெரு திடீரென்று முட்டி நின்றுவிடும். எதிரே ரயில் தண்டவாளம், இல்லையென்றால் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய். சென்னையை இவைதான் துண்டு போட்டிருக்கின்றன.

அதனால் இங்கே பாதையை வீட்டு வாசலிலிருந்து போடக் கூடாது. நடுவிலிருந்து போட வேண்டும். முதலில் ஆற்றையோ தண்டவாளத்தையோ எங்கே கடக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாலம், சுரங்கப்பாதை, ரயில் நிலைய நடைமேம்பாலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதில் எது பாதுகாப்பானது என்று பாருங்கள். பிறகு அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்தெருக்களால் நிரப்புங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போவதை எடுத்துக்கொள்வோம். குறுக்கே தண்டவாளம். துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, தெற்கே அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று வண்டிகளுக்கு வழி இருக்கிறது. நடப்பவருக்கு மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை இருக்கிறது. நடந்து போகிறவருக்கு அதுதான் சரி. பண்டிகைக் கால ரங்கநாதன் தெரு நெரிசலுக்கு மேலேயே போய்விடலாம். சைக்கிள்காரருக்கு அது உதவாது. அவர் சுரங்கப்பாதைகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் நெரிசல் தொடங்கும் முன். ஒரே ஊர், ஒரே பயணம். நடைக்கும் சைக்கிளுக்கும் பாதை வேறு வேறு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாதை போட முயல வேண்டாம்.

கிளம்புமுன் பார்க்க கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022-லிருந்து சென்னைக்கும் இருக்கிறது. நடைபாதை எங்கே விட்டுப்போகிறது, நடுத்திட்டில் திறப்பு எங்கே இருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். படம் எடுத்த மாதத்தை மட்டும் கவனியுங்கள். சைக்கிளுக்கு, தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து இயங்கும் பிரௌட்டர் போன்ற செயலிகள் சிறிய தெருக்களுக்கு முன்னுரிமை தரும்.

அறிகுறி: நடைபாதை இருக்கிறது, ஆனால் எல்லோரும் ரோட்டில்தான் நடக்கிறார்கள்

ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரு டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம் நடப்பதற்கென்றே இருக்க வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் இன்னும் அகலம் வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் தெருவில் அளந்தால், இரண்டு மீட்டர் நடைபாதையில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) ஒன்று, விளம்பரப் பலகையின் கால் ஒன்று, வரிசையாக நிறுத்திய பைக்குகள் என்று போக, மிஞ்சுவது ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுதான். அதோடு ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டிச் சரிவு போட்டிருப்பார்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் வலிக்காரர் ரோட்டிலேயே நடந்துவிடுவார். அவர் செய்வது நியாயம்தான்.

தள்ளுவண்டிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பல தெருக்களில் அவர்களைவிட அதிக இடத்தைப் பிடித்திருப்பவை பைக்குகள். இரவில் தெருவில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருப்பதற்கு அந்தப் பழக்கடையும் இட்லிக்கடையும்தான் காரணம்.

இன்றைக்கு என்ன செய்வது? தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மோசமாக இருப்பது அபூர்வம். ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக, அதாவது வலது ஓரமாக நடங்கள். முதுகுக்குப் பின்னால் வருவதைவிடக் கண்ணுக்கு நேரே வருவது மேல். நடைபாதையில் போய்க்கொண்டே திடீரென்று இறங்குவதுதான் மிகவும் ஆபத்தானது. தடை தெரிந்ததும் பத்தடி முன்னாலேயே நின்று, திரும்பிப் பார்த்து இறங்குங்கள்.

அறிகுறி: ரோட்டைக் கடக்கவே முடியவில்லை

நடப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். அதனால் மற்றதைவிட இதற்கு அதிக நேரம் செலவழியுங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

கடக்க முடியாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்தால்தான் மருந்து.

சிக்னல் நேரம் போதவில்லையா? அளப்பது சுலபம். பொறியாளர்கள் நடப்பவரின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைப்பார்கள். 20 மீட்டர் அகலமான ரோட்டுக்கு அந்தக் கணக்கில் 17 நொடி. கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டிக்கு நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 25 நொடி. நடப்பவர் விளக்கு பச்சை விழுந்ததும் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 12 நொடியில் அணைந்தால் அது உங்கள் நடையின் குறை இல்லை. போக்குவரத்துக் காவல்துறையிடம் எண்ணோடு சொல்லக்கூடிய விஷயம்.

நேரம் போதும், ஆனாலும் வண்டி நிற்கவில்லையா? அநேகமாக அது ஃப்ரீ லெஃப்ட். இடது பக்கம் திரும்பும் வண்டிகள் சிகப்பிலும் வந்துகொண்டே இருக்கும். அந்த வளைவைத் தனி ரோடாக நினைத்து, சிக்னல் விளக்கைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக் கடக்க வேண்டும். நடுவில் முக்கோணத் திட்டு இருந்தால் முதலில் அதுவரை போய் நின்றுவிடுங்கள்.

சிக்னலே இல்லாத இடமா? நடுத்திட்டு இருக்கிற இடத்தில் இரண்டு தவணையாகக் கடங்கள். திட்டில் குழந்தையோடு நிற்கும் அளவு அகலம் வேண்டும். ஓரடிச் சுவரின் மேல் நிற்பது கணக்கில் வராது. தூரத்தில் உள்ள சிக்னலில் விடுபட்ட வண்டிக்கூட்டம் மொத்தமாக வந்து போகும். அது போனதும் சில நொடி இடைவெளி விழும். அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதுதான் தினமும் கடக்கிறவர்களின் கணக்கு.

கை காட்டிக்கொண்டே கடக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கையைக் காட்டுகிறீர்கள், மாநகரப் பேருந்து நின்றுவிடுகிறது. டிரைவர் போகச் சொல்லித் தலையசைக்கிறார். நீங்கள் நன்றியோடு வேகமாக அடியெடுத்து வைக்கிறீர்கள். பேருந்துக்கு அந்தப் பக்கம், உங்களைப் பார்க்கவே முடியாத ஒரு பைக் ஓட்டுகிறவர் "பஸ் ஏன் நிற்கிறது" என்ற எரிச்சலில் முந்திக்கொண்டு வருகிறார். அவரும் உங்களைப் பார்ப்பதில்லை, நீங்களும் அவரைப் பார்ப்பதில்லை. நின்ற வண்டியின் முன்பக்கத்தைக் கடந்து முடிக்கும் இடத்தில், அதன் மூக்கோரத்தில், ஒரு நொடி நின்று எட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இதுதான். ஒருவழிப் பாதையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்த்திசையில் பைக் வரும்.

அண்ணா சாலை போன்ற இடங்களில் சுரங்க மெட்ரோ நிலையங்கள் ரோட்டின் இருபுறமும் வாசல் வைத்திருக்கின்றன. டிக்கெட் வாங்கும் தளம் வரை டிக்கெட் இல்லாமலே போய் மறுபக்கம் ஏற முடிகிற நிலையம் உங்கள் வழியில் இருக்கிறதா என்று வாசலில் இருக்கும் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமேம்பாலங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. வண்டி நிற்காமல் போவதற்காக அறுபது வயதுக்காரரை மாடி ஏறச் சொல்வது அது. லிஃப்டும் நகரும் படிக்கட்டும் ஓடுகிற நிலையில் இருந்தால் பாதையில் சேருங்கள். இல்லையென்றால் 200 மீட்டர் தள்ளியிருக்கும் சிக்னலே மேல்.

அறிகுறி: சைக்கிளில் போகும்போது இடது ஓரத்தில் நசுக்குகிறார்கள்

ஓரமாகப் போனால் பத்திரம் என்று நினைத்து மிகவும் ஓரமாகப் போவதுதான் பல நேரம் காரணம். ஓரத்தில் மணல், வடிகால் மூடி, நிறுத்திய கார்கள். நீங்கள் காருக்கும் காருக்கும் நடுவே நெளிந்து நெளிந்து போகும்போது பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தோன்றித் தோன்றி மறைகிறீர்கள். நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவு திறக்கும் அகலம், குறைந்தது ஒரு மீட்டர், தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள். காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது ஒரே விதி: பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையாதீர்கள். ஆள் இறங்குவார்கள், பஸ் ஓரம் கட்டும், டிரைவருக்கு அந்த இடுக்கு தெரியாது. பின்னால் நின்றுவிடுங்கள், அரை நிமிடம் போனால் போகிறது. ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் இன்னும் அதிக இடைவெளி. கை காட்டியவர் நிற்கும் இடமெல்லாம் அதற்கு ஸ்டாப்தான்.

வலது பக்கம் திரும்ப நடு ரோட்டுக்கு வர வேண்டிய சந்திப்பில் பயமாக இருந்தால், நேராகக் கடந்து எதிர் மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சையில் போகலாம். அதுவும் சரிப்படாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு, நடப்பவர் கடக்கும் வரிக்கோட்டில் நடந்துவிடுங்கள். சைக்கிளைத் தள்ளுகிறவர் நடப்பவர்தான். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தொடர்ந்து நசுக்குகிறார்கள் என்றால் குறை உங்கள் ஓட்டத்தில் இல்லை, ரோட்டின் வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65-இல் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேகத்தடை, குறுகலான வளைவு, நிறையக் கடைகள் உள்ள தெருவில் வண்டி தானாக மெதுவாகும். அப்படிப்பட்ட தெரு அரை கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மேம்பாலம் வந்தால் திகைப்பு

கத்திப்பாராவில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, 100 அடி சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் அங்கே பின்னிக்கொள்கின்றன. பாலமே ஆபத்து என்று நினைக்கிறோம். உண்மையில் ஆபத்து, பாலத்திலிருந்து இறங்கும் கிளை உங்கள் பாதையோடு வந்து சேரும் இடத்தில். இடது பக்கமிருந்தோ வலது பக்கமிருந்தோ முழு வேகத்தில் வண்டிகள் உங்கள் கோட்டை வெட்டும். சாதாரண மேம்பாலம் என்றால் மேலே ஏறாமல் கீழே உள்ள சர்வீஸ் ரோட்டில் போங்கள். கிளை சேரும் இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடங்கள். கத்திப்பாரா போன்ற இடத்தைப் பாதையில் சேர்க்காமலே இருப்பதுதான் திட்டம்.

அறிகுறி: மழை பெய்தால் பாதையே காணோம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குத் தனிப் பாதை ஒன்று கையில் இருக்கட்டும். துரைசாமி, அரங்கநாதன், ரங்கராஜபுரம், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைகள் பலத்த மழையில் தண்ணீர் நின்று மூடப்படுவது ஊரறிந்தது. மாம்பலம் பக்கத்துக்காரருக்கு அன்றைக்கு ஆகாய நடைபாதை. சைக்கிளுக்கு வடக்கே சுற்றிக் கோடம்பாக்கம் மேம்பாலம்.

தண்ணீர் நிற்கும் தெருவில் ஓரமாக நடக்காதீர்கள். வடிகால் மூடி விலகியிருந்தால் ஓரத்தில்தான் தெரியாமல் இருக்கும். பில்லர் பாக்ஸும் மின்கம்பமும் ஓரத்தில்தான். நடு ரோட்டில், முன்னால் ஆள் நடந்த இடத்தில் கால் வையுங்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். சைக்கிளில், ஈரமான இரும்புத் தகட்டின் மேலும் வெள்ளைக் கோட்டின் மேலும் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேராக உருட்டிக்கொண்டு கடந்துவிட வேண்டும். வடிகால் கம்பிகள் சக்கரத்தின் திசையிலேயே நீளவாட்டில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும், குறுக்காகக் கடங்கள்.

அறிகுறி: போன வாரம் இருந்த வழி இந்த வாரம் இல்லை

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். தடுப்புப் பலகைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தடுப்புக்கும் கடைச் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் சந்தில் பைக்குகளும் நுழையும் என்பதை எதிர்பாருங்கள். கனரக வண்டி உள்ளே போகும் கேட்டில் கொடி பிடித்து நிற்பவரைப் பார்த்துவிட்டுக் கடங்கள். மேப்பை நம்பாமல் அந்தத் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள்.

அறிகுறி: பகலில் சரி, இரவில் முடியவில்லை

விளக்கு எரிகிறது, ஆனால் தரையில் வெளிச்சம் இல்லை என்றால் நிமிர்ந்து பாருங்கள். மரக்கிளைக்கு மேலே விளக்கு இருக்கும். வெளிச்சம் இலைக்குப் போகிறது. கிளையை வெட்டச் சொல்லுங்கள், புது விளக்கு கேட்க வேண்டாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் புகார் வேகமாகப் போகும்.

நாய் துரத்தினால் சைக்கிளை மிதித்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெல்ல நடங்கள். அநேகமாக அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கீறல்தானே என்று விடக் கூடாது.

அறிகுறி: புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை

பெரும்பாலும் தப்பான கதவைத் தட்டியிருப்பீர்கள். ஒரே பத்தடி நடைபாதையில் பல துறைகள் இருக்கும். நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மாநகராட்சி: 1913. பில்லர் பாக்ஸ், தொங்கும் ஒயர் மின்வாரியம்: மின்னகம் 94987 94987. கழிவுநீர் மூடி குடிநீர் வாரியம். அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது. சிக்னல் நேரமும் நடைபாதையில் நிறுத்திய வண்டியும் போக்குவரத்துக் காவல்துறை. மெட்ரோ தடுப்பு மெட்ரோ ரயில் நிறுவனம்.

ஒரு புகாருக்கு ஒரு குறை மட்டும். "எங்கள் தெரு நடைபாதை மோசம்" என்று எழுதினால் "ஆய்வு செய்யப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். "இன்ன கதவு எண்ணுக்கு எதிரே வடிகால் மூடி உடைந்திருக்கிறது, அகலம் இரண்டடி" என்று, கடைப் பலகை தெரியும்படி ஒரு படத்தோடு அனுப்புங்கள். உடைந்த மூடி சீக்கிரம் மாறும். பில்லர் பாக்ஸ் இடம் மாற மாதங்கள் ஆகும்; அதுவரை உங்கள் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள்.

விளிம்புக் கல்லைத் தாழ்த்துவது, கடக்கும் இடம் கேட்பது போன்ற பெரிய வேலைக்கு வார்டு கவுன்சிலரும், வார்டுக்குள் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டமும்தான் இடம். மனுவில் மூன்று விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனச் சென்னை மாநகராட்சியே 2014-இல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. சாலை வடிவமைப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிரோ உடலோ சேதமானால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில் இடமிருக்கிறது.

மனுவோடு நீங்கள் அளந்த மூன்று எண்களையும் கொடுங்கள்: மிஞ்சிய நடைபாதை அகலம், விளிம்புக் கல்லின் உயரம், பச்சை விளக்கு எரிந்த நொடி. தெருவில் இருக்கும் நாலு குடும்பம் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நகலோடு போக வேண்டியிருக்கும்.